ஒரே புகை, இரண்டு கணக்கு: நம் தெருக் காற்றைப் படிப்பது எப்படி

போகி அன்று விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சென்னையில் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். பழைய பாயும் துடைப்பமும் எரிந்த காலம் போய், இப்போது டயர், ரெக்சின் பை, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் எரிகின்றன, நாலு வீடு தள்ளி இருக்கும் தண்ணீர்த் தொட்டிகூடக் கண்ணுக்குத் தெரியாது. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதையே தெரியாமல் போய், விமான நிலையத்தில் ஏகப்பட்ட விமானங்கள் தாமதமாயின. அப்புறம் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று மூன்று நாள் கடற்காற்று அடித்ததும் வானம் வெளுத்துவிடும். "எல்லாம் போயிடுச்சு" என்று நாமும் மறந்துவிடுவோம்.

பாதிதான் போயிருக்கிறது. கண்ணை எரித்த துகள்கள் போய்விட்டன. அதே நெருப்பிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடு போகவில்லை, அதில் ஒரு பங்கு நம் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் காற்றிலேயே இருக்கும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும், காற்று மாசு, காலநிலை மாற்றம் என்று தினமும் காதில் விழும் செய்திகளில் முக்கால்வாசி தானாகப் புரிந்துவிடும். நான் இதைக் கற்றுக்கொண்டது அப்பாவுக்காக. அவருக்கு வீசிங் உண்டு. எந்த நாளில் ஜன்னலைத் திறக்கலாம், எந்த நாளில் மூட வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் முதலில் எண்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க, ஜன்னலை மூடித் தப்பிக்க முடியாத இன்னொரு கணக்கும் கூடவே ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது.

முதலில் கைமாற்றையும் அடமானத்தையும் பிரியுங்கள்

ஏரோசால் என்றதும் பலருக்குக் கொசு மருந்து ஸ்பிரே டப்பாதான் நினைவுக்கு வரும். அறிவியலில் அந்தச் சொல்லுக்குக் காற்றில் மிதக்கும் நுண்துகள், நுண்துளி எல்லாமே அடக்கம். டீசல் புகைக்கரி, சாலைப் புழுதி, அனல் மின் நிலையப் புகைபோக்கியிலிருந்து வரும் கந்தக வாயு காற்றிலேயே மாறி உருவாகும் சல்பேட், மெரினாவில் அலை உடையும்போது தெறித்துக் காயும் உப்புத் துகள், இவை எல்லாம் ஏரோசால்தான். இவற்றில் 2.5 மைக்ரானுக்கும் குறைவான அளவுள்ளதைத்தான் பி.எம். 2.5 என்கிறோம். தலைமுடியின் குறுக்களவில் இருபதில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். மூக்கு முடியில் மாட்டாது, தொண்டைச் சளியிலும் ஒட்டாது, நேரே நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். இவற்றின் ஆயுள் சில நாள், மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு வாரம். ஒரு நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும்.

பசுமை இல்ல வாயுக்கள் வேறு ரகம். கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, ஏசியில் ஓடும் குளிர்வாயுக்கள் எல்லாம் இந்த வகை. பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் பிடித்து நிறுத்துவது இவற்றின் வேலை. மழைக்குக் கரைந்து போகாது. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மீத்தேன் பன்னிரண்டு ஆண்டு வாக்கில் காற்றில் தங்கும். கார்பன் டை ஆக்சைடில் பாதியளவைக் கடலும் காடும் வாங்கிக்கொள்ளும், மிச்சம் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும்.

நான் இதை வீட்டுக் கடன் மாதிரிதான் மனத்தில் வைத்திருக்கிறேன். ஏரோசால் என்பது பக்கத்து வீட்டில் வாங்கிய கைமாற்று. வாங்கிய அன்றே நெஞ்சை அழுத்தும், ஆனால் வாங்குவதை நிறுத்தினால் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு வீட்டை வைத்து வாங்கிய அடமானக் கடன், இன்றைக்கு ஒரு வலியும் தெரியாது, மேலே வாங்காமல் நிறுத்தினாலும் பழையது அப்படியே நிற்கும்.

நம்பக் கஷ்டமாக இருந்தால் 2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கில் வண்டிகளும் ஆலைகளும் நின்ற சில நாளிலேயே பஞ்சாபில் ஜலந்தரிலிருந்து தவுலதார் மலைத்தொடரின் பனி முகடுகள் தெரிந்தன. கைமாற்று தீர்ந்த காட்சி அது. அதே ஆண்டு உலகம் முழுவதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றம் ஐந்து சதவீதம் போலக் குறைந்தது, ஆனாலும் ஹவாயில் மவுனா லோவா மலைமேல் 1958 முதல் அளந்துகொண்டிருக்கும் நிலையத்தில் அளவு குறையவில்லை, வழக்கம்போல இரண்டு பிபிஎம்முக்கு (காற்றில் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு) மேல் ஏறித்தான் இருந்தது. அளக்க ஆரம்பித்தபோது 315 வாக்கில் இருந்த எண் இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரிக் காலத்துக்கு முன் அது 280.

செயலியில் தெரியும் எண்ணை எப்படிப் படிப்பது

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, அரும்பாக்கம், பெருங்குடி, ராயபுரம், கொடுங்கையூர் என்று நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு எது பக்கமோ அதைப் பாருங்கள், "சென்னை" என்று மொத்தமாக ஒரு எண் வருவதை நம்பி முடிவெடுக்காதீர்கள். மணலியில் இருப்பவர் மூச்சுக்கும் வேளச்சேரிக்காரர் மூச்சுக்கும் சம்பந்தம் இல்லாத நாட்கள் நிறைய உண்டு.

காற்றுத் தரக் குறியீடு 0 முதல் 500 வரை போகும். 50 வரை நன்று, 100 வரை திருப்தி, 200 வரை மிதம், 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை. பி.எம். 2.5, பி.எம். 10, நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம் என எட்டு மாசுகளைக் கணக்கில் எடுக்கிறார்கள். எட்டையும் கூட்டிச் சராசரி போடுவதில்லை, எது மிக மோசமோ அதன் எண்தான் அன்றைய குறியீடு. அதனால் எண்ணைப் பார்த்தவுடன் பக்கத்தில் எந்த மாசு முன்னணியில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பி.எம். 10 என்றால் பெரும்பாலும் புழுதி, கட்டட வேலை. பி.எம். 2.5 என்றால் எங்கோ ஏதோ எரிகிறது. ஓசோன் என்றால் வெயிலும் வண்டிப் புகையும் சேர்ந்து சமைத்தது.

இன்னும் இரண்டு இடத்தில் ஏமாந்துவிடக் கூடாது.

முதலாவது, துகள்களுக்கான எண் 24 மணி நேரச் சராசரி. போகி அன்று காலை நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை கொளுத்தினால், அந்த நாலு மணி நேரம் ஒரு நாள் முழுக்கப் பரப்பப்பட்டு மெலிந்துதான் உங்கள் கண்ணுக்கு வரும். மூச்சுக் கோளாறு உள்ளவர் வீட்டில் இருந்தால் மணிக்கு மணி அளவைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும், அதுதான் இப்போது நீங்கள் இழுக்கும் மூச்சுக்கு நெருக்கமான எண்.

இரண்டாவது, வெளிநாட்டுச் செயலிகள் பல அமெரிக்கக் கணக்கில் காட்டும். ஒரு கன மீட்டரில் 60 மைக்ரோகிராம் பி.எம். 2.5 இருந்தால் இந்தியக் குறியீட்டில் அது 100, அதாவது "திருப்தி". அதே காற்று அமெரிக்கக் குறியீட்டில் 150-ஐத் தாண்டிச் சிவப்பாகத் தெரியும். ஒன்று பொய், ஒன்று மெய் என்று இல்லை, அளவுகோல் வேறு. அதனால் குறியீட்டை விட்டுவிட்டு மைக்ரோகிராம் எண்ணையே பார்க்கப் பழகுங்கள். நம் நாட்டு வரம்பு நாள் சராசரிக்கு 60, ஆண்டுச் சராசரிக்கு 40. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15, 5. நம் பச்சை நிறத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று இதிலேயே தெரிந்திருக்கும். அப்பா விஷயத்தில் நான் 30-ஐத் தாண்டினாலே ஜாக்கிரதையாகிவிடுவேன்.

அந்த எட்டுப் பேர் பட்டியலை ஒருமுறை திரும்பப் படியுங்கள். கார்பன் டை ஆக்சைடு இல்லை. மீத்தேனும் இல்லை. நாம் வெளியில் சுவாசிக்கும் அளவில் அவை நுரையீரலை நேரடியாக ஒன்றும் செய்யாது என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை, அது சரியான காரணம்தான். ஆனால் இதன் விளைவு என்ன? குறியீடு 20 காட்டும் ஐப்பசி மழை நாளிலும் அடமானக் கடன் ஏறிக்கொண்டே இருக்கிறது, எந்தச் செயலியிலும் அதற்குச் சிவப்பு விளக்கு எரிவதில்லை.

வீட்டில் அளக்க விரும்பினால்

லேசர் வைத்துத் துகளை எண்ணும் சின்னக் கருவிகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. வாங்குங்கள், ஆனால் அவை என்ன சொல்லும், என்ன சொல்லாது என்று தெரிந்து வாங்குங்கள். துகள்மேல் பட்டுச் சிதறும் ஒளியைத்தான் அவை பார்க்கின்றன. மார்கழிப் பனியிலும் மழை ஈரத்திலும் துகள்கள் தண்ணீரைக் குடித்துப் பருத்துவிடும், கருவி அதையும் மாசு என்று எண்ணி அதிகமாகக் காட்டும். ஈரப்பதம் எண்பது சதவீதத்துக்கு மேல் இருக்கும் காலையில் வரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நேற்று இதே நேரத்தில் எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்று மட்டும் ஒப்பிடுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு காட்டும் கருவி வாங்கினால் அதில் அகச்சிவப்புக் கதிர் வைத்து அளக்கும் என்.டி.ஐ.ஆர். சென்சார் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான பலவற்றில் வேறு ஏதோ வாயுவை மோப்பம் பிடித்து ஒரு எண்ணை உத்தேசமாகப் போட்டுவிடுகிறார்கள், அகர்பத்தி ஏற்றினால்கூட அந்த எண் ஏறும். உண்மையான சென்சார் வெளிக்காற்றில் 420-க்குக் கொஞ்சம் மேலே காட்டும். நம் தாத்தா காலத்து வெளிக்காற்றில் நூறு குறைவாகக் காட்டியிருக்கும், அந்த எண்ணை முதல்முறை மாடியில் நின்று பார்த்தபோது எனக்கு மனசு கனத்துப் போனது. அடமானக் கணக்கைக் கையில் பிடித்துப் பார்ப்பது அதுதான்.

ஒரு வாரம் கருவியை வீட்டுக்குள் இடம் மாற்றி மாற்றி வையுங்கள். எங்கள் வீட்டில் மிளகாய் தாளித்தபோது ஏறியதைவிட, ராத்திரி கொசுவத்தி ஏற்றியபோதுதான் எண் தாறுமாறாக ஏறியது. ஒரு கொசுவத்தி முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அப்பா படுக்கும் அறையில் அதைத்தான் ஆண்டுக்கணக்கில் ஏற்றிக்கொண்டிருந்தோம். வலை கட்டினோம், அவ்வளவுதான், ராத்திரி இருமல் குறைந்தது.

இரவில் கதவை மூடி ஸ்பிளிட் ஏசி போட்டால் கார்பன் டை ஆக்சைடு எண் ஆயிரத்தைத் தாண்டிப் போவதையும் பார்ப்பீர்கள். பயப்பட வேண்டாம், அது உங்கள் மூச்சேதான். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை, அறையில் இருப்பதையே குளிர வைத்துச் சுற்றுகிறது. ஜன்னலை இரண்டு விரல் திறந்து வையுங்கள். காற்றுச் சுத்திகரிப்பானுக்கும் இதே விஷயம் பொருந்தும், ஹெப்பா வடிகட்டி துகளை நன்றாகப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடை ஒன்றும் செய்யாது. வாங்குவதாக இருந்தால் 120 சதுர அடி அறைக்கு மணிக்கு 170 கன மீட்டராவது சுத்தமான காற்று தரும் கருவியாகப் பாருங்கள், அப்போதுதான் ஒரு மணிக்கு ஐந்து முறை அறைக் காற்று மாறும்.

எந்தப் புகையை முதலில் நிறுத்துவது

இங்கேதான் ரொம்பப் பேர் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். எல்லாப் புகையும் பூமியைச் சூடாக்குவதில்லை. சில புகை குளிரவும் வைக்கிறது.

சல்பேட் துகள் வெள்ளை நிறம், சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். மேகத் துளிகளை எண்ணிக்கையில் கூட்டி, அளவில் சின்னதாக்கி, மேகத்தையும் வெள்ளையாக்கும். 1991 ஜூனில் பிலிப்பைன்சில் பினாடுபோ எரிமலை வெடித்தபோது 15 முதல் 20 மில்லியன் டன் கந்தக டை ஆக்சைடு அடுக்குமண்டலத்துக்குப் போனது. மழை எட்டாத உயரம் என்பதால் அது ஓரிரு ஆண்டு அங்கேயே நின்றது, அடுத்த ஆண்டு உலக வெப்பம் அரை டிகிரி வாக்கில் இறங்கியது. மனிதன் விடும் சல்பேட்டும் இதே வேலையைத் தாழ்வான உயரத்தில், தினம் தினம் செய்துகொண்டிருக்கிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கைக் கணக்குப்படி, 2010-19 வாக்கில் பசுமை இல்ல வாயுக்கள் மட்டும் பூமியை 1 முதல் 2 டிகிரி வரை சூடாக்கியிருக்க வேண்டும். ஏரோசால் போன்றவை 0 முதல் 0.8 டிகிரி வரை அதைக் குறைத்து வைத்திருந்தன. நாம் பார்த்தது ஒரு டிகிரிக்குச் சற்று மேல். அதாவது வெயிலின் ஒரு பங்கைப் புகை மறைத்துக்கொண்டிருக்கிறது.

கரித்துகள் இதற்கு நேர் எதிர். கறுப்புச் சட்டை வெயிலை இழுப்பது போல ஒளியை விழுங்கிக் காற்றைச் சூடாக்கும். 1999 தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடல் ஆய்வு என்று ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. மாலத்தீவில் தளம் அமைத்து, விமானத்திலும் கப்பலிலும் அளந்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் வீ. ராமநாதன், நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். ஏசி, ஃபிரிட்ஜ் வாயுக்கள் கார்பன் டை ஆக்சைடைவிட எத்தனையோ மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் என்று 1975-லேயே காட்டியவரும் அவர்தான். குளிர்காலத்தில் தெற்காசியாவிலிருந்து புறப்படும் புகை, கடலுக்கு மேல் மூன்று கிலோமீட்டர் தடிமனுக்குப் பழுப்புப் போர்வையாகப் படர்ந்திருப்பதை அந்த ஆய்வு கண்டது. அந்தப் போர்வைக்குக் கீழே வெயில் குறைந்தால் கடல் ஆவியாவது குறையும், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசமும் குறையும். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் தெற்காசியப் பருவமழை தளர்ந்ததற்கு ஏரோசாலும் காரணம் என்பது இப்போது ஐபிசிசியும் ஏற்றுக்கொண்ட முடிவு.

"அப்படியென்றால் சல்பேட் நல்லதாச்சே, விட்டுவிடலாமே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், படித்தவர்களே கேட்கிறார்கள். நிலக்கரி மின் நிலையங்கள் கந்தகத்தைப் பிடிக்கும் கருவி மாட்ட வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது, கெடு தள்ளித் தள்ளிப் போய் 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். அந்த விவாதத்தில் இந்த வாதமும் வந்தது. நான் இதை ஒருபோதும் ஏற்க மாட்டேன். எண்ணூரில் புகைபோக்கிக்குக் கீழே வாழும் குழந்தையின் நுரையீரலைக் குடையாக விரித்து உலகத்தைக் குளிர வைக்கச் சொல்கிற வாதம் அது. போதாததற்கு, அந்தக் குடையின் ஆயுள் ஒரு வாரம், அதே புகைபோக்கியிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடின் ஆயுள் நூற்றாண்டுகள். கைமாற்று வாங்கி அடமானத்துக்கு வட்டி கட்டுவது எத்தனை நாள் ஓடும்? கந்தகத்தையும் நிறுத்த வேண்டும், நிலக்கரியையும் குறைக்க வேண்டும், இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பை 2020 ஜனவரி முதல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தார்கள். கடல்மேல் மேகங்களில் கப்பல் புகை இழுத்துவிடும் வெள்ளைத் தடங்கள் குறைந்தன, மறைந்திருந்த சூட்டில் கொஞ்சம் வெளியே வந்திருக்கிறது. அதற்காகத் துறைமுக ஊர்க்காரர்கள் பழைய புகைக்குத் திரும்ப வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆகவே வரிசை இப்படித்தான். இரண்டு கணக்கிலும் அடிக்கும் புகையை முதலில் நிறுத்துங்கள். கரித்துகள், மீத்தேன், தரைமட்ட ஓசோன் மூன்றும் அந்த ரகம், உடம்பையும் கெடுக்கும் (மீத்தேன் நேரடியாக இல்லை, தரைமட்ட ஓசோன் உருவாகத் துணைபோய்), பூமியையும் சூடாக்கும், ஆயுள் குறைவு என்பதால் நிறுத்தினால் பலனும் சீக்கிரம் தெரியும்.

குப்பை எரிப்பது முதல் இடம். தெருவோரம் பிளாஸ்டிக் எரிந்தால் கரித்துகளோடு டையாக்சின் மாதிரி நச்சும் வரும். பொதுவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. சென்னையில் 1913-க்கு அழையுங்கள், படத்தையும் இடத்தையும் நேரத்தையும் குறித்து வைத்துப் புகார் எண் வாங்குங்கள். எரிக்கிறவர் பெரும்பாலும் தூய்மைப் பணியாளரோ காவலாளியோதான், அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கு இலையைக் கொட்ட இடம் இல்லை. எங்கள் தெருவில் அபராதத்தைப் பற்றிப் பேசியபோது ஒன்றும் நடக்கவில்லை, பூங்கா மூலையில் நாலடிக்கு நாலடி குழி ஒன்று வெட்டிக் கொடுத்த பிறகு எரிப்பு நின்றது.

அடுத்தது ஈரக் குப்பை. சாம்பார் மிச்சமும் வாழைப்பழத் தோலும் கிடங்கில் போய் அடியில் புதைந்தால் காற்று இல்லாமல் அழுகி மீத்தேன் ஆகும். முதல் இருபது ஆண்டில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட எண்பது மடங்கு சூடாக்கும். அந்த மீத்தேன் எரியவும் செய்யும், கிடங்கில் ஒருமுறை தீப்பிடித்தால் சுலபத்தில் அணையாது. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் கிடங்கு நாட்கணக்கில் எரிந்ததே, அப்போது பக்கத்துப் பகுதிகளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இருந்தவர்களுக்கு இது பாடமாகச் சொல்லத் தேவையில்லை. வீட்டிலேயே ஒரு மண்தொட்டியில் காய்ந்த இலையும் ஈரக் குப்பையும் மாற்றி மாற்றிப் போட்டு, வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். காற்று பட்டால் மீத்தேன் பெரிதாக வராது, உரம்தான் வரும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், காய்ந்த இலையைக் கூட்டுங்கள்.

டீசலில் அடுக்குமாடி ஜெனரேட்டரைப் பாருங்கள். புகைக்குழாய் கூரைக்கு மேலே போகிறதா, யார் ஜன்னலுக்காவது நேராக முடிகிறதா? பழைய டீசல் வண்டியைவிட, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டியில் கரித்துகள் வடிகட்டி இருப்பதால் புகை குறைவு. ஆனால் அடமானக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான், எந்த வண்டியில் எரித்தாலும் ஒரு லிட்டர் டீசல் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஒரு லிட்டர் பெட்ரோல் 2.3 கிலோ. புகைச் சான்றிதழில் பாஸ் ஆகிவிட்டது என்பதால் அந்த எண் குறையாது.

கிராமத்தில் விறகடுப்பு இன்னும் எரியும் வீடு என்றால் அங்கே முதல் வேலை அடுப்பை மாற்றுவதுதான். எரிவாயுவும் பூமிக்கு அடியிலிருந்து எடுத்ததுதானே என்று தயங்க வேண்டாம். ஒரு சிலிண்டர் முழுக்க எரிந்தால் நாற்பது கிலோ சொச்சம் கார்பன் டை ஆக்சைடு வரும், விறகுப் புகையின் கரித்துகளையும் அம்மாக்களின் நுரையீரலையும் வைத்துப் பார்த்தால் அது மிகச் சின்ன விலை.

தீபாவளியைப் பற்றி ஒன்றே ஒன்று. சத்தம் வராத வெடி சாதுவானது என்று நினைத்துக் குழந்தைகள் கையில் பாம்பு மாத்திரை கொடுக்கிறோம். புனேயில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்த பட்டாசு வகைகளில் மற்றவற்றைவிட அதிகமாக நுண்துகள் கக்கியது அதுதான், அதுவும் குழந்தை குனிந்து பார்க்கும் உயரத்தில். அதை முதலில் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

புகை வந்துவிட்ட நாளில்

மார்கழி, தை மாதக் காலையில் குளிர்ந்த காற்று தரையோடு படுத்திருக்கும், மேலே சூடான காற்று மூடி போட்டது போல உட்கார்ந்திருக்கும், புகை மேலே போக வழி இல்லை. அதனால் அந்த மாதங்களில் விடியற்காலை நடையைத் தள்ளிப்போடுங்கள், வெயில் ஏறி மூடி விலகிய பிறகு பத்து மணிக்கு மேல் போகலாம். கோடையில் தலைகீழ், மதியத்தில் ஓசோன் உச்சத்தில் இருக்கும், காலை நடைதான் நல்லது. சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்ததும் ஜன்னலைத் திறந்துவிடலாம், அந்த நேரத்தில் எண் இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள்.

முகக்கவசம் போடுவதாக இருந்தால் என்.95 அல்லது ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி. 2. கன்னத்தோடு ஒட்டி நிற்க வேண்டும், ஓரத்தில் காற்று போனால் பயனில்லை. துணிக் கவசமும் ஈரக் கைக்குட்டையும் புழுதியைத் தடுக்கும், பி.எம். 2.5-ஐத் தடுக்காது. இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் போகிக்கு முந்தின நாளே மருத்துவரிடம் கேட்டு அளவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், விடியற்காலை நாலு மணிக்கு மருந்துக்கடை தேட வேண்டி வரக் கூடாது. எங்களுக்கு வந்தது.

அடமானக் கணக்கை எழுத

இதற்கு ஒரு நோட்டும் மின்கட்டண அட்டையும் போதும். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடினால் 280 கிலோ. அதோடு பெட்ரோல் லிட்டரை 2.3-ஆலும் சிலிண்டர் எண்ணிக்கையை நாற்பத்திச் சொச்சத்தாலும் பெருக்கிக் கூட்டிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கூட்டியபோது, பெட்ரோலையும் கேஸையும் சேர்த்தாலும் மின்சாரத்தைத் தொடவில்லை, மின்சாரத்தில் பாதிக்கு மேல் ஏசி.

ஏசியில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. உள்ளே ஓடும் வாயு ஆர் 410ஏ என்றால், ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம், மேலே சொன்ன 400 யூனிட் மின்சாரத்தைப் போல ஏழு மடங்கு. ஆர் 22-உம் கிட்டத்தட்ட அதே ரகம், கூடவே ஓசோன் படலத்தையும் அரிக்கும். ஆர் 32 சுமார் 675 மடங்கு, ஆர் 290 என்னும் புரோப்பேன் மிகக் குறைவு. வாங்கும்போது நட்சத்திரத்தைப் பார்ப்பதோடு வெளிப்பெட்டியில் ஒட்டியிருக்கும் வாயுப் பெயரையும் பாருங்கள்.

சர்வீசுக்கு ஆள் வந்து "கேஸ் கம்மியா இருக்கு, ஃபில் பண்ணணும்" என்றால் உடனே சரி சொல்லாதீர்கள். ஏசி வாயு பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் அல்ல, குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. முதலில் சோப்பு நுரை வைத்தாவது கசிவைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள், அப்புறம் நிரப்பலாம். பழைய ஏசியைக் கழற்றும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல், வெளிப்பெட்டிக்குள்ளேயே இழுத்துப் பூட்டிவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். அதற்கு ஏசி ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும், அதனால் மின்சாரத்தைத் துண்டிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.